நண்பன் காருக்கு நூல் பிடிப்பதில்லை

இருபது வருஷமாக கிளைவ் ஹார்க்னஸ், மாலரி என்கிற கார்ப் பந்தயத் தளத்தின் ஓரத்தில் ஆரஞ்சு உடுப்பு மாட்டிக்கொண்டு கொடி ஆட்டினான். காசு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் எழுந்து, ஃப்ளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டு போய், மழையில் நனைந்து, சரளையில் சொருகிக்கொண்ட கார்களைத் தள்ளிவிட்டு, உள்ளே இருப்பவனிடம் வசவும் வாங்கிக் கட்டிக்கொண்டு வருவான். எதற்கு இந்த வெட்டி வேலை என்று கேட்டால் சிரிப்பான். அவன் மனைவி மாரியனுக்கு மட்டும் காரணம் தெரியும். தள்ளுகிற ஒவ்வொரு காரிலும் அவன் தன்னைத்தான் உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு ஐம்பது தாண்டிய பிறகு ஒருநாள் மாரியனே சொன்னாள்: "போய் ஓட்டித் தொலை. ஒரே ஒரு வருஷம். அதுக்கு மேல நம்ம சேமிப்பு தாங்காது. அப்புறம் இந்தப் பேச்சே வீட்ல எடுக்கக் கூடாது."

காசு குறைந்தவர்கள் ஓட்டும் பந்தய வகுப்பில் புதுக் கார் என்று எதுவும் கிடையாது. பெரும்பாலும் கைமாறிக் கைமாறி வந்தவை. ஒற்றை இருக்கை, இறக்கை இல்லை, முப்பது வயதான இரும்புக் குழாய்ச் சட்டகம். எஞ்சின் போனால் பிரித்துக் கட்டலாம், கியர் போனால் மாற்றலாம். சட்டகம் கோணியிருந்தால்தான் ஆபத்து. கண்ணுக்குத் தெரியாது, ஓட்டும்போதுதான் தெரியும். நிமிர்த்த வேண்டுமென்றால் குழாயை வெட்டி மறுபடி பற்றவைக்க வேண்டும். அந்தச் செலவுக்குப் பேசாமல் வேறு கார் வாங்கிவிடலாம். அதனால் கார் பார்க்கப் போகிறவன், விஷயம் தெரிந்த ஒருத்தனைக் கூட அழைத்துப்போவான். அப்படிக் கூடப் போனவன் அந்தக் காரைத் தான் வாங்கக் கூடாது. இது எங்கும் எழுதிவைத்ததில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைத் தோழன் பெண் கேட்டால் எப்படியோ, அப்படி.

கிளைவ் அழைத்துப்போனது டெரெக் பூலை. இவன் கொடி ஆட்டிய அதே தளத்தில் அதே வகுப்பில் பத்து வருஷமாகச் சிவப்புக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். முதுகு போய்விட்டது, இனி ஓட்டப்போவதில்லை என்று அந்தக் குளிர்காலம் முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தான்.

பார்க்கப் போன கார் இருந்தது லிங்கன்ஷையரில் ஒரு கோழிப்பண்ணையில். பண்ணைக்காரர் பெர்னார்டுக்கு இடுப்பு எலும்பு மாற்றிவிட்டார்கள், இனிக் காருக்குள் இறங்க முடியாது. கொட்டகையில் போர்வையை விலக்கினார். பச்சைக் கார். கிளைவ் உள்ளே கால் நீட்டி இறங்கினான். பாதம் தேடாமலே பெடல் கிடைத்தது. தோள் இரண்டும் அளவெடுத்துத் தைத்ததுபோல் அடங்கின. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் பல்லைக் காட்டினான்.

"எறங்குடா மாப்ள, இன்னும் தாலி கட்டல" என்றான் டெரெக். "நூல் பிடிச்சுப் பாக்கணும்."

காரின் இரண்டு பக்கமும் தாங்கிகளை நிறுத்தி, மீன்பிடிக்கும் நரம்பை முன்னும் பின்னும் இழுத்துக் கட்டினார்கள். நரம்பிலிருந்து ஒவ்வொரு சக்கரமும் குழாயும் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று இரும்பு அளவுகோலால் பார்க்க வேண்டும். கிளைவ் நரம்புமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். டெரெக் மண்டியிட்டு அளந்தான். திரும்ப அளந்தான். உச்சுக் கொட்டினான்.

"முன்பக்கம் வலது மூலை வெளிய தள்ளியிருக்கு. ஆறு மில்லிமீட்டர் இருக்கும்."

பெர்னார்ட் முகம் சிவந்தது. "அடியே வாங்காத காரு தம்பி இது. நான் ஒருத்தன்தான் ஓட்டியிருக்கேன். நல்லாப் பாரு."

"பாத்துட்டேன் அண்ணே. உங்க மேல தப்பு சொல்லல. கோணல்னா கோணல்தான்."

கிளைவ் இரண்டடி நடந்து, குனிந்து, தானே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. டெரெக் அளந்ததை இன்னொரு தரம் அளப்பதா? அதற்குப் பதில், கிழவர் நம்மை ஏமாற்றப் பார்த்தார் என்று மனதுக்குள் முடிவுகட்டிக்கொண்டான். அவர் நீட்டிய கையைக்கூட அரைமனதாகத் தொட்டுவிட்டு வண்டியேறினான்.

திரும்பும் வழியில் டெரெக் பாதித் தூரம் முதுகைத் தேய்த்துக்கொண்டே வந்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"என் காரை எடுத்துக்கயேன்."

"டேய்!"

"யாரோ ஒருத்தன் கையில போறதுக்கு நீ ஓட்டினா எனக்கு நிம்மதி. என்னா சொல்ற?"

கிளைவுக்குக் கண் கலங்கிவிட்டது. டெரெக் கேட்ட விலைக்குப் பேரம்கூடப் பேசவில்லை. மறுநாள் டெரெக்கின் கராஜில் சிவப்புக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். சுவரில் அந்தத் தாங்கிகளும் நரம்புச் சுருளும் தொங்கின. கிளைவின் பார்வை அங்கே போனதை டெரெக் கவனித்துவிட்டான்.

"என்னா, நூல் பிடிக்கணுமா?" என்று சிரித்தான்.

"சீ, போடா" என்றான் கிளைவ்.

அதுதான் அந்த ஊர் மரியாதை. ஊரான் காருக்கு நூல் பிடிக்கலாம். கூடவே டீ குடித்து, கூடவே மழையில் நின்ற நண்பன் காருக்கு முன்னால் நரம்பை இழுத்தால், நீ பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகும். அந்த மரியாதைக்கு ஆசைப்பட்டு இருபது வருஷக் கனவை மொத்தமாக அடகுவைத்தான் மனுஷன்.

ஏப்ரலில் முதல் பந்தயம். தூறல் நின்றிருந்தது. கிளைவ் சிவப்புக் காரை டிரெய்லரிலிருந்து இறக்கி, பன்றிக்கறி வைத்த பன்னைக் கடித்துக்கொண்டு நின்றபோது பக்கத்து இடத்தில் ஒரு வேன் வந்து நின்றது. டெரெக். வாழ்த்த வந்திருக்கிறான் என்று கிளைவ் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினான். வேனுக்குப் பின்னால் டிரெய்லர். டிரெய்லரில் பச்சைக் கார்.

"என்னாடா இது?"

"அதுவா?" டெரெக் கட்டை அவிழ்ப்பதிலேயே கண்ணாக இருந்தான். "பெர்னார்ட் கெழம் வெலையை எறக்கிடுச்சு. சும்மா கெடக்குதேன்னு எடுத்தேன். சட்டகத்தை நிமித்திட்டேன்."

"முதுகு?"

"புது டாக்டரு. கைராசிக்காரன்."

கிளைவ் குனிந்தான். கோழிப்பண்ணையில் குனிய மறுத்தவன் இப்போது முழங்கால் சேற்றில் புதைய மண்டியிட்டான். முன் வலது மூலைக் குழாய்களில் பழைய சாம்பல் பெயின்ட் அப்படியே இருந்தது, வருஷக்கணக்கான அழுக்கோடு. வெட்டிப் பற்றவைத்திருந்தால் அந்தப் பெயின்ட் கருகியிருக்கும், புதிதாக அடித்திருப்பார்கள். இதை யாரும் தொடவே இல்லை. நிமிர்த்த அங்கே எதுவும் கோணியிருக்கவே இல்லை.

பெர்னார்டின் சிவந்த முகம் நினைவுக்கு வந்து, வெட்கத்தில் காது சுட்டது. நின்றபோது டெரெக் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நேரமாச்சுடா, பெல்ட்டைப் போடு. மொத ரேஸு, அவசரப்படாத" என்றான் அக்கறையாக.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாயைத் திறப்பதற்குள் மைக்கில் அவர்கள் வகுப்பை அழைத்துவிட்டார்கள்.

முதல் சுற்றிலேயே சிவப்புக் கார் தன் ஜாதகத்தைச் சொல்லிவிட்டது. இடப்பக்கம் திருப்பினால் சமர்த்தாகத் திரும்பியது. வலப்பக்கம் திருப்பினால் மூக்கு வெளியே வெளியே ஓடியது. கோணியிருந்தது இதன் சட்டகம்தான். மாலரியில் பெரும்பாலும் வலது வளைவுகள்தான். ஜெரார்ட்ஸ் என்கிற பெரிய வளைவு முடிவேனா என்று நீண்டுகொண்டே போக, கிளைவ் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டினான். கை வலித்தது. அவனைவிடப் பயந்தவர்கள்கூட ஒவ்வொருவராக முந்தினார்கள். இதையா இருபது வருஷம் ஏங்கினேன் என்று ஹெல்மெட்டுக்குள் கத்தினான். தனக்கே கேட்கவில்லை.

கொண்டை ஊசி வளைவுக்கு வரும்போது நீலக் கொடி ஆடியது. வேகமான கார் பின்னால் வருகிறது, வழி விடு என்று அர்த்தம். அவன் எத்தனையோ வருஷம் நின்ற அதே இடம். ஆட்டியது ஜாய்ஸ், அவனோடு ஒரே குடையில் நின்றவள். கண்ணாடியில் பார்த்தான். பச்சை மூக்கு. முன்னணியில் இருந்த டெரெக், ஒரு முழுச் சுற்று வித்தியாசத்தில் அவனைப் பின்னாலிருந்து பிடித்துவிட்டான்.

பச்சைக் காரின் வழியை அடைக்க அங்கே ஒரு கணம் இருந்தது. வளைவில் கொஞ்சம் தாமதமாகத் திருப்பினால் போதும். பச்சைக் காரின் சக்கரம் இவன் சக்கரத்தில் ஏறும், இரண்டும் சரளைக்குப் போகும். புதுசாக ஓட்டுகிறான், பாவம், தடுமாறிவிட்டான் என்பார்கள். கார் கோணல் சார் என்றால் எவனும் மறுக்க முடியாது. எப்படி இடித்தால் வெளியே தெரியாது என்று இந்த ஓரத்தில் நின்று அவன் பார்க்காததா?

செய்ய வேண்டும் என்று முழுமனதோடு நினைத்தான். ஆனால் கால் தானாக வேகத்தைக் குறைத்தது. கார் ஓரம் ஒதுங்கியது. வலது கை ஸ்டியரிங்கை விட்டு மேலே போய், இந்தப் பக்கம் போ என்று விரல் நீட்டிக் காட்டியது. பச்சைக் கார் கடந்துபோகையில் டெரெக் நன்றிக்குக் கையைத் தூக்கினான்.

டெரெக் இரண்டாவதாக வந்தான். கிளைவ் கடைசி. பந்தயம் முடிந்து எல்லாரும் மெதுவாக ஒரு சுற்று வரும்போது கொடி ஆட்டும் மார்ஷல்கள் தடுப்பருகே வந்து கைதட்டுவது வழக்கம். கிளைவுக்கு மற்ற எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்கள். ஜாய்ஸ் குதித்தாள். நம்ம ஆள் ஓட்டிவிட்டான் என்கிற சந்தோஷம் அவர்களுக்கு. அந்தக் கைதட்டல் அடியாகவே அவன்மேல் விழுந்தது.

காரைவிட்டு இறங்கி டயர்மேல் உட்கார்ந்தான். டெரெக் இரண்டு கையிலும் டீயோடு வந்தான், வாங்கிய பரிசுக் கோப்பை தோளில் தொங்கும் பையிலிருந்து எட்டிப்பார்க்க.

"இந்தா. நல்லா வழி விட்டடா. நெசமா சொல்றேன். வேற எவனா இருந்தாலும் இடிச்சிருப்பான்."

"தெரியும்" என்றான் கிளைவ். "அதான் எங்கிட்ட வித்த."

டெரெக் ஒரு நொடி அவனைப் பார்த்தான். பிறகு வாய் முழுக்கச் சிரித்து, "பின்ன? ஃபிரெண்டுன்னா ஒன்ன மாதிரி இருக்கணும்" என்று தோளில் தட்டினான்.

டீ சூடாக இருந்தது. கிளைவ் அதைக் குடித்தான். தோளில் கிடந்த கையைத் தட்டிவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. தட்டிவிடாமலே உட்கார்ந்திருந்தான்.