சுமித்ராவுக்கு மவுஸ் வாங்கிய கதை, நாலாவது தடவையாக

1

இது நான் கற்பனை செய்த கதையல்ல, ஒட்டுக்கேட்டது. போன வியாழக்கிழமை ஆபீஸ் பிரிண்டருக்கு மை வாங்க, காளப்பநாயக்கன்பட்டியில் மோகன்ராஜின் கம்ப்யூட்டர் கடைக்குப் போயிருந்தேன். (நான் மலைமேல் அரியூர் நாட்டில் கால்நடை ஆய்வாளர். சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். மாடுகளுக்கு ஊசி போடாத நேரத்தில் கதை எழுதுகிறேன்.) அங்கே என் பக்கத்து வீட்டு வேல்முருகன் நின்றிருந்தார். மரவள்ளியும் மிளகும் போடுகிறவர். மலைப்பாதையின் எழுபது வளைவும் பஸ்ஸில் இறங்கி வந்த கிறுகிறுப்பு முகத்தில் இன்னும் தெளியவில்லை.

"கேம் ஆடுற மவுஸ் வேணுங்க," என்றார் மோகன்ராஜிடம். "வயர் வச்சது."

"பழசு என்னாச்சுங்க?"

"எலி கடிச்சுப்போட்டுதுங்க."

இந்த இடத்தில் நீங்கள் எழுந்து போய்விடலாம். மவுஸை எலி கடித்தது என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. முதல் வரைவில் எலியை அணிலாக மாற்றினேன். கொஞ்ச நேரம் நன்றாயிருந்தது. பிறகு அணில் ஏன் வீட்டுக்குள் வந்தது என்று விளக்க ஒரு பக்கம் தேவைப்பட்டது. எலியே இருக்கட்டும்.

2

மவுஸ் அவருக்கல்ல, மனைவி சுமித்ராவுக்கு. முப்பத்தாறு வயது. காலையில் தோட்டம், மத்தியானம் இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை. ஐந்து பேர் அணியில் தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுகிறவர் அவர்தான். அங்கே அவர் பெயர் 'மிளகு'. மற்ற நால்வரும் கோயம்புத்தூரில் வேலை பார்ப்பவர்கள். மிளகு யாரோ ஒரு காலேஜ் பையன் என்று நினைத்து 'ப்ரோ' போடுகிறார்கள். மைக்கில் அவர் பேசியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. அதற்குள் மவுஸ் வரவில்லையென்றால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வோம் என்று கேப்டன் பிரேம் எழுதிவிட்டான்.

(இரண்டாவது வரைவில் சுமித்ராவைப் பதினேழு வயதுப் பையனாக்கினேன். அப்படியென்றால்தான் நம்புவார்கள் என்றார் ஒரு நண்பர். மூன்றாவது பத்தியில் பையன் அப்பாவிடம் திட்டு வாங்கினான். நாலாவது பத்தியில் என்ன செய்வான் என்று எனக்குத் தெரிந்துபோய்விட்டது. தெரிந்தபின் எழுத என்ன இருக்கிறது?)

3

மோகன்ராஜ் மேசைமேல் இரண்டு மவுஸ்களை வைத்தார்.

ஒன்று பெரியது. தொண்ணூற்றெட்டு கிராம், பதினோரு பட்டன். வயர் மாட்டுக் கயிறு மாதிரி முறுக்காக இருந்தது. மற்றது ஐம்பத்தொன்பது கிராம். எடையைக் குறைப்பதற்காக உடம்பெல்லாம் ஓட்டை. ஆறே பட்டன். துணி சுற்றிய வயர், பாவாடை நாடாபோலத் தொய்ந்து கிடந்தது.

"டிபிஐ ரெண்டுலயும் பன்னெண்டாயிரம் வரைக்கும் போகுங்க," என்றார் மோகன்ராஜ்.

"அப்படின்னா?"

"கையை இத்துனூண்டு நகர்த்துனா ஸ்கிரீன்ல எவ்வளவு தூரம் ஓடுதுங்கிறதுங்க. கூட்டிக்கலாம், கொறைச்சுக்கலாம்."

"பன்னெண்டாயிரம் வச்சா எங்க ஊட்டைத் தாண்டிப் போயிருமுங்க."

"அவங்களுக்குக் கை என்ன அளவுங்க?"

"வளையல் ரெண்டு நாலுங்க."

கடை வைத்த நாளிலிருந்து மோகன்ராஜுக்கு இந்தப் பதில் கிடைத்ததில்லை. ஆனாலும் யோசித்தார். "அப்பச் சின்னதுதாங்க சரி."

வேல்முருகன் ஓட்டைகளைத் தடவிப் பார்த்தார். "எறும்பு பூந்துக்குமுங்களே." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க. படிச்சவருங்க."

[மூன்றாவது வரைவில் நான் இங்கே நிதானமாக, 'சின்னதை வாங்குங்கள்' என்கிறேன். உண்மையில் சொன்னது இது: "பதினோரு பட்டன் இருக்குதுல்ல, அதையே வாங்குங்க. பின்னாடி உதவும்." எதற்கு உதவும் என்று எனக்குத் தெரியாது. மாட்டுக்கு நாலு காம்பு போதும் என்று தெரிந்தவன்தான் நான்.]

4

வேல்முருகன் என் பேச்சை நம்பிவிட்டார். ஆனால் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"ரெண்டையும் அமுக்குங்க மாமா," என்றார் சுமித்ரா. "சத்தம் கேக்கட்டும்."

மோகன்ராஜ் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினார். ரேஷன் கார்டு நகலெடுக்க வந்த ஓர் அம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வேல்முருகன் போனுக்குப் பக்கத்தில் வைத்துப் பெரியதை அமுக்கினார். டொக். சின்னதை அமுக்கினார். டிக்.

"மறுக்கா."

டொக். டிக்.

"சின்னதுங்க மாமா. பெருசு அமுக்குனப்புறம் யோசிக்குது."

"இதோட வயரு மெலிசு புள்ள. எலி ஒரே வாயில முடிச்சிரும்."



"தடிச்ச வயரு கையை இழுக்குமுங்க. சுடுறப்ப யாரோ பின்னால இருந்து கூப்பிடுற மாதிரியே இருக்கும். நாள் பூராம் கூப்பிடுறாங்கதான். அந்த ரெண்டு மணி நேரம் வேண்டாமுங்க."

வேல்முருகன் என்னைப் பார்க்கவில்லை. ஐம்பத்தொன்பது கிராமை மோகன்ராஜிடம் நீட்டினார். "இதையே கட்டுங்க. எலியை நான் பாத்துக்கறேன்."

5

அவர் எலியைப் பார்த்துக்கொண்ட விதம்: உடைந்த குடைக்கம்பி ஒன்றை வளைத்து மேசையில் அடித்து, வயரை அதில் தூக்கிக் கட்டினார். தரையில் படாமல் அந்தரத்தில் நின்றது. ஆட்டம் முடிந்ததும் மவுஸைக் கழற்றி, எவர்சில்வர் தூக்குப்போசியில் போட்டு மூடிவிடுவார். எறும்புக்கும் அதுவே ஆயிற்று.*

* வயர் அலையாமல் இப்படித் தூக்கிப் பிடிக்கக் கடையில் தனியாக ஸ்டாண்ட் விற்கிறார்களாம். வேல்முருகனுக்கு அது தெரியாது.

சுமித்ரா அதைப் போட்டோ எடுத்து அணிக்கு அனுப்பினார். 'செம ஸ்டாண்டு ப்ரோ, எங்க வாங்குன?' என்று பிரேம் கேட்டான். புதுமவுஸ் சந்தோஷத்தில் யோசிக்காமல் பதில் எழுதிவிட்டார்: 'வீட்டுக்காரர் செஞ்சு குடுத்தார்.'

நால்வரிடமிருந்தும் ஆறு நிமிடம் ஒன்றும் வரவில்லையாம். அந்த ஆறு நிமிடத்தில் மவுஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தாராம். பிறகு பிரேம் எழுதினான்: 'அக்கா, ஞாயிறு பதினோரு மணி. லேட் பண்ணிராதீங்க.'

6

இன்று ஞாயிறு. மூன்று ஆட்டத்தில் முதலாவதை ஜெயித்துவிட்டார்கள். இரண்டாவதில், பாதி ஆட்டத்தில் சுமித்ராவின் கம்ப்யூட்டர் அணைந்துபோய்த் தோற்றார்கள். நான் இந்த நாலாவது வரைவின் முடிவுக்கு வந்திருக்கிறேன். இரண்டு முடிவுகள் தயார்.

அ) சுமித்ராவின் கடைசிக் குண்டு எதிரணியின்

ஆ) தோற்றாலும் பிரேம்

வாசலில் வேல்முருகன்.

"ஏனுங்க சார், டைப் அடிக்கறீங்களா?"

"ஆமாங்க."

"வோல்டேஜ் பத்தலீங்க. செல்லமுத்து மாவு மில்லை நிறுத்திட்டாரு. கோகிலவாணி ஃபிரிட்ஜைப் புடுங்கிட்டாங்க. நம்ம டிரான்ஸ்பார்மர்ல இன்னும் ஓடுறது உங்க கம்ப்யூட்டர் ஒண்ணுதானுங்க."

"கதையை முடிச்சுட்டு இருக்கேன். யார் ஜெயிச்சாங்கன்னு எழுதணும்."

அவர் குழப்பத்தோடு என்னைப் பார்த்தார். "மூணாவது இன்னும் ஆடவே இல்லீங்களே சார்."

அடுத்த வீட்டில் சுமித்ரா முதன்முறையாக மைக்கில் பேசுவது கேட்கிறது: "ஒரு நிமிசம் இருங்க தம்பி, சார் ஊட்ல அணைச்சிருவாங்க."

உங்கள் ஊரில் கரண்ட் நன்றாக இருந்தால் மூன்றாவது ஆட்டத்தின் முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் சுவிட்சை அணைக்கிறேன்.