செருப்பின் அடிப்பக்கம்

பெருநாளுக்கு எட்டு நாள் இருக்கையில், கூட்டம் கூடுகிற காலை பதினொரு மணிக்கு, என் மகள் பாஸிலா கடைத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு என்னை நோக்கிக் கையை நீட்டினாள்.

"அத்தா, ஒங்க போனைக் குடுங்க."

"ஒங்கிட்டதான் ஒண்ணு இருக்கே."

"அது படம் எடுக்க. இது கண்ணாடிக்கு."

கொடுத்தேன். அதை அணைத்து, துப்பட்டா நுனியால் துடைத்து, முக்காலியின் மேல் மல்லாக்கப் போட்டாள். கறுத்த திரையின் விளிம்பில் ஒற்றைச் செருப்பைப் பக்கவாட்டில் வைத்து, குதிகால் தூக்கி நிற்கும்படி முட்டுக்கொடுத்தாள். பிறகு தன் போனைத் தலைகீழாகப் பிடித்து, கேமரா என் திரைக்கு ஒரு விரற்கடை உயரத்தில் நிற்கும்படி தாழ்த்தினாள். நானும் குனிந்து பார்த்தேன். முக்காலி இல்லை, கடை இல்லை, பேரம் பேசுகிற சனம் இல்லை. கறுப்புக் குளம் ஒன்றின் கரையில் ஒரு செருப்பு இறங்கப் பார்க்கிறது. தண்ணீருக்குள்ளிருந்து இன்னொன்று, அடிப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு, அதன் பாதத்தோடு பாதம் ஒட்டி நிற்கிறது.

இரண்டு மாதமாக இதே வேலைதான் அவளுக்கு. பிரியாணித் தாம்பாளத்தைக் கவிழ்த்துப் போட்டு அதில் எடுத்தாள். வாங்க வந்தவரின் கூலிங் கிளாஸைக் கழற்றி வாங்கி அதில் எடுத்தாள். கடைப்படியில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி அதில் எடுத்தாள். அன்றைக்கு வழுக்கி விழுந்த சாணார்பட்டி அம்மா எழுந்து நேரே வேறு கடைக்குப் போய்விட்டார். நான் திட்டவில்லை. ஒரு செருப்பைக் காட்டி ஒரு செருப்பு விற்பது என் தொழில். ஒன்றைக் காட்டி இரண்டாகத் தெரியவைப்பது அவள் தொழில். ரத்தம் வீண்போகவில்லை என்றுதான் நினைத்தேன். அவள் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தால் அறுநூறு பேர் பார்க்கிறார்கள். சின்னாளப்பட்டிச் சேலைக்கடைக்காரர்கள், பள்ளிவாசல் ஜமாஅத், அவளோடு கல்லூரியில் படித்தவர்கள், அவர்களுடைய மாமியார்கள்.

எதிர்ச்சாரியில் இருக்கிறவனும் பார்க்கிறான் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

எதிர்ச்சாரியில் இருப்பவன் நாசர், என் கூடப்பிறந்த தம்பி. எங்கள் அத்தா மௌத்தாகி அடக்கம் முடிந்ததும் கடை எனக்கு, பேகம்பூரில் செருப்புத் தைக்கிற பட்டறை அவனுக்கு என்று பிரித்துவிட்டார்கள். பட்டறையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மூன்றாம் மாதமே என் கடைக்கு நேர் எதிரே வாடகைக்கு இடம்பிடித்து, தானும் செருப்பு விற்க உட்கார்ந்துவிட்டான். அவன் பலகையில் 'உண்மையான தோல்' என்று எழுதினான். நான் 'உண்மையிலேயே உண்மையான தோல்' என்று எழுதினேன். அவன் காலையில் வாசலைக் கழுவினால் அழுக்குத் தண்ணீர் என் படிக்கு வரும்படி தள்ளிவிடுவான். நான் என் கடைத் தூசியைப் பெரிய ஃபேன் வைத்து அவன் கல்லாப்பெட்டிக்கு அனுப்பினேன். நான்கு வருடமாக எங்களுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல் இவ்வளவுதான்.

ஒருநாள் மலைச்சாமியின் டீக்கடையில், "என்ன இருந்தாலும் தையல்னா நாசர் பாய் தையல்தான்" என்று எவனோ சொல்ல, எனக்குப் பற்றிக்கொண்டது. "கேட்டுக்கங்கப்பா" என்று எழுந்து நின்றேன். "அவன் தச்ச செருப்பு எங்கடைப் படியேறுச்சுன்னா, அதைத் தலையில வச்சுக்கிட்டு மணிக்கூண்டைச் சுத்தி வாரேன்." இருபது பேர் கேட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் இருநூறு பேருக்குத் தெரிந்தது.

சொன்ன வாய்க்கு வேலை சுலபம். சரக்குக்குத்தான் திண்டாட்டம். வெளியூரிலிருந்து நான் இறக்கிய செருப்பெல்லாம் மெஷின் தையல். ஒரு மழைக்கு வாயைப் பிளந்தன. வாங்கியவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து என் வாயையும் பிளக்கப் பார்த்தார்கள். எதிர்க்கடையிலோ நேர்மாறு. நாசருக்குத் தைக்கத் தெரியும், விற்கத் தெரியாது. விலையைச் சொல்லிவிட்டு மோட்டுவளையைப் பார்ப்பான். 'கொஞ்சம் கொறச்சுக்கங்க' என்று யாராவது சொன்னால், ஏதோ அவன் வீட்டுப் பெண்ணைக் கேவலமாகக் கேட்டது மாதிரி செருப்பைப் பிடுங்கி உள்ளே வைப்பான். அவன் பட்டறையில் சரக்கு குவிந்து கிடந்தது. என் கடையில் ஆள் குவிந்து கிடந்தது. நடுவில் இருபதடித் தெரு.

அந்தத் தெருவைக் கடக்க நான் கண்டுபிடித்த வழிக்குப் பெயர் மரியராஜ். லோடு ஆட்டோ வைத்திருக்கிறவன். நாசரிடம் போய், கொடைரோட்டில் ஒரு கடைக்காரர் கேட்கிறார் என்று சொல்லி, சாக்கு சாக்காக வாங்குவான். வண்டி கொடைரோட்டுச் சாலையில் ஒரு புளியமரம் வரை போய்த் திரும்பி, என் வீட்டுக் கொல்லைப் பக்கம் வந்து நிற்கும். ஒவ்வொரு செருப்பின் குதிகால் அடியிலும் நாசர் தன் பெயரை அச்சு வைத்து அடித்திருப்பான். சுரண்டினால் தோல் காயப்படும். அதனால் மேலே என் கடைப் பெயர் போட்ட தங்கநிற ஸ்டிக்கரை ஒட்டிவிடுவேன். என் கையால், ஒவ்வொன்றாக, கதவைச் சாத்திக்கொண்டு. பாஸிலாவுக்குக்கூடத் தெரியாது. மூன்று வருடமாக அவன் தைத்தது என் படியேறி, என் பெயரில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

அன்று எடுத்த படத்தை பாஸிலா என்னிடம் நீட்டினாள். பெருநாள் ஸ்டேட்டஸுக்கு இதுதானாம். நிஜமாகவே நல்ல படம். மேலே செருப்பு சாதாரணமாக இருந்தது; கீழே கறுப்புத் தண்ணீருக்குள் இருந்ததுதான் அழகு. அதன் குதிகாலில் கொடி சுற்றிக்கொண்டது மாதிரி ஏதோ ஒரு வேலைப்பாடு, மங்கலாக, வளைந்து வளைந்து.

"இந்தக் கோலம் நல்லாருக்கே" என்றேன். "போடு, போடு."

அவள் போட்டாள். கடையில் உட்கார்ந்திருக்கும்போதே ஆர்டர் வர ஆரம்பித்தது. படியில் ஊற்றிய ஒரு செம்புத் தண்ணீரைவிட இந்தப் போன் தேவலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். எதிர்க்கடை ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்டது. பெருநாள் சீசனில் எந்தக் கிறுக்கன் நண்பகலில் ஷட்டரை இறக்குவான் என்று நிமிர்ந்து பார்த்தால், நாசர் தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தான். வேகமாகக்கூட வரவில்லை. நடுவில் ஒரு பைக்குக்கு வழிவிட்டு, பிறகு வந்தான். என் படிக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டான். தாடியில் நரை கூடியிருந்தது; அவ்வளவு பக்கத்தில் பார்த்து வெகுநாள் ஆயிற்று.

"பாய்" என்றான். கூடப்பிறந்தவனை, ஊரான் கூப்பிடுகிற மாதிரி. "ஸ்டேட்டஸ்ல போட்டுருக்கீங்களே, அந்தச் செருப்பை எடுங்க. பாக்கணும்."

"ஒனக்குக் காட்ட ஒண்ணுமில்ல. யாவாரத்தைக் கெடுக்காமப் போ."

"வாங்க வந்தவனுக்குக் காட்ட மாட்டீங்களா? இதுதானா யாவாரம்?"

கடைக்குள் இருந்தவர்கள் பேரத்தை நிறுத்திவிட்டார்கள். மலைச்சாமி டீ ஆற்றுகிற கையோடு தன் கடையை விட்டு இறங்கி வந்தான். எனக்கோ பயமில்லை. மரியராஜ் உளறியிருந்தாலும் சாட்சி இல்லை. குதிகாலில் என் ஸ்டிக்கர் இருக்கிறது. எல்லோரும் பார்க்கட்டும் என்று நானே செருப்பை எடுத்து, அவன் மூக்குக்கு நேரே நீட்டி, "நல்லாப் பாரு, கிதர் முகம்மது கடைச் சரக்கு" என்று அடிப்பக்கத்தைத் திருப்பினேன்.

ஸ்டிக்கர் இல்லை. பசை காய்ந்த ஒரு வட்டம், அதன் நடுவில் சின்னதாக, ஆழமாக: நாசர்.

"ஸ்டிக்கர் பளபளன்னு வெளிச்சத்தைத் திருப்பிச்சு அத்தா" என்றாள் பாஸிலா, பின்னாலிருந்து. "படத்துல வெள்ளையா ஒரு பொட்டு விழுந்துச்சு. நாந்தான் அவசரத்துல உரிச்சேன், அடியில என்னன்னு பாக்கல."

நாசர் அவளைப் பார்த்து, தன் போனை எடுத்து, அவள் எடுத்த படத்தை விரலால் விரித்தான். நான் கோலம் என்று மெச்சிய இடம் திரை முழுக்க நின்றது.

"இதைப் பாத்தா ஒங்கத்தாவுக்கு என்னன்னு தெரியாதும்மா. அவுக கல்லாவுல வளந்தவுக. அச்சுல எழுத்து எப்பவும் புரண்டுதான் இருக்கும். இருபத்தஞ்சு வருசமா எம்பேரை நான் இப்படித்தான் தெனமும் பாக்குறேன். எனக்கு இதான் நேரெழுத்து."

"ஏதோ ஒரு ஜோடி" என்றேன். என் குரல் எனக்கே விலை போகவில்லை. "எங்கயோ கலந்துருச்சு."

"ஒரு ஜோடியா?" அவன் படியேறாமலே உள்ளே எட்டி அலமாரிகளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே வந்தவன் ஒரு தட்டில் நின்றான். அடுத்த தட்டில் நின்றான். தையலைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்துவிட்டது. முகம் மெல்ல மாறியது. கோபம்கூட இல்லை, அதற்கு முந்தின ஏதோ ஒன்று.

"கொடைரோட்டுக்காரரு" என்றான்.

நான் கையிலிருந்த செருப்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"மரியராஜு சொல்லுவான், அந்தக் கொடைரோட்டுக்காரரு பேரம் பேசாம வாங்குறாருன்னு. பட்டறையை மூடிறலாம்னு இருந்தப்ப அந்த மனுசன் சரக்குதான் என்னைத் தூக்கி நிறுத்துச்சு. மூஞ்சியே தெரியாது. மூணு ரமலானா, ஒவ்வொரு தொழுகையிலயும் எம்பிள்ளைகளுக்கு முன்னாடி அவருக்குத்தான் துஆ செஞ்சேன். அவரு யாவாரம் பெருகணும், அவரு வீடு செழிக்கணும்னு." அவன் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "என் துஆவைத் திருப்பிக் குடுங்க பாய்."

வாழ்க்கையில் எத்தனையோ பேர் என் கடையில் எதையெதையோ திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் பதில் வைத்திருந்தேன். அளவு சரியில்லை என்றால் ஒரு பதில், வார் அறுந்தால் ஒரு பதில், மனைவிக்குப் பிடிக்கவில்லை என்றால் மூன்று பதில். துஆவைத் திருப்பிக் கேட்டு வந்த முதல் ஆள் இவன்தான்.

"அப்ப மணிக்கூண்டுக்கு எப்பக் கெளம்புறது பாய்?" மலைச்சாமி கேட்டான். "மேளம் சொல்லணும்ல?"

கூட்டம் சிரித்தது. நாசர் சிரிக்கவில்லை.

"தலையில எல்லாம் வைக்க வேணாம்" என்றான். "அது நான் தச்ச செருப்பு. அதுக்குன்னு ஒரு மரியாத இருக்கு. இவுக தலையில போய் எதுக்கு?"

இதைவிட மணிக்கூண்டே தேவலாம். செருப்பைத் தலையில் வைத்துச் சுற்றியிருந்தால் ஊர் ஒருநாள் சிரித்திருக்கும், பெருநாள் வந்ததும் மறந்திருக்கும்.

அவன் பாஸிலாவிடம் திரும்பினான். "ஏம்மா, இந்தப் படத்தைப் பொரட்ட முடியுமா?"

"முடியும் சின்னத்தா. ஒரு தட்டுதான்."

"அப்ப எழுத்து நேரா வந்துருமா?"

"வந்துரும்."

"பொரட்டி, மறுபடி போடு. இப்பக் கோலம்னு பாத்தவுக எல்லாம் படிக்கட்டும். எனக்கு வேறொண்ணும் வேணாம்."

"நாசரு" என்றேன். நான்கு வருடத்தில் முதல்முறையாக அந்தப் பெயரை அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அதையும் பேரத்துக்காகத்தான் சொன்னேன். "செத்த நேரம் உள்ள வந்து உக்காரு. பெருநாள் முடியட்டும். அப்பறம் ரெண்டு பேரும் கலந்து, ஒன் பேரையும் போட்டு—"

அவன் விலையைச் சொல்லியாயிற்று. அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பாஸிலா அலமாரிக்குப் போனாள். ஒரு செருப்பை எடுத்து, நகத்தால் ஸ்டிக்கரைக் கீறி உரித்துப் பார்த்தாள். அதை வைத்துவிட்டு அடுத்ததை உரித்தாள். மூன்றாவதோடு நிறுத்திக்கொண்டாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லித் தப்பியிருப்பேன். பெற்ற பிள்ளைக்கு அது தெரியாதா? உரித்தவையெல்லாம் அவள் விரல் நுனிகளில் ஒட்டிக்கொண்டு, தங்கம் தங்கமாக மின்னிக்கொண்டிருந்தன. அந்த விரல்களாலேயே தன் போனை எடுத்தாள்.

"அத்தா, பாக்குறீங்களா?" என்று எனக்கு நேரே திருப்பிப் பிடித்துக்கொண்டு, ஒரு தட்டுத் தட்டினாள்.

படம் புரண்டது. குளம் வானமாயிற்று. அடியில் கிடந்த செருப்பு மேலே வந்து நின்றது; அதன் குதிகாலில் கொடி அவிழ்ந்து, மங்கலாக இருந்தாலும் சின்னப்பிள்ளைகூட எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி, நாசர். நிஜச் செருப்பு இப்போது கீழே, தண்ணீரில் விழுந்ததைப் போலக் கவிழ்ந்து கிடந்தது. அதற்கும் பின்னால், மூலையில், சுவர் காலண்டர் ஒன்று படத்தில் விழுந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். வருடப்பிறப்புக்கு நானே அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தது. அதில் கொட்டை எழுத்தில் இருந்த 'கிதர் முகம்மது', வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கியது. அவள் கட்டைவிரல், என் ஸ்டிக்கர் ஒட்டிய அதே விரல், அனுப்புகிற குறிக்கு மேலே ஒரு நெல்மணி இடைவெளியில் நின்றுகொண்டிருந்தது.