காயாத பசை

இத்தாலியில் பல நாள் ஓடும் சைக்கிள் பந்தயம் அது. தோலோமிதி மலை உச்சிக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது எங்கள் அணிக் கேப்டன் துல்லியோவின் முன்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. மாற்றுச் சக்கரங்களோடு வரும் எங்கள் கார் கூட்டத்தில் சிக்கி வெகு பின்னால் கிடந்தது. நான் யோசிக்கவே இல்லை. யோசிக்கவா எனக்குச் சம்பளம்? கேப்டனுக்குத் தண்ணீர் சுமப்பதும், எதிர்க்காற்றில் அவருக்கு முன்னால் போவதும், அவர் சக்கரம் போனால் என்னுடையதைக் கழற்றிக் கொடுப்பதும்தான் என் பிழைப்பு. அரை நிமிடத்தில் மாட்டிக் கொடுத்தேன். முதலிடத்துக்கான இளஞ்சிவப்புச் சட்டைக்குள், குளிர்காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்க, செய்தித்தாளைச் செருகிக்கொண்டு அவர் இறக்கத்தில் பாய்ந்தார்.

முதல் வளைவில் அவர் மறைந்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பந்தய சைக்கிளில் டயரைச் சக்கர விளிம்பில் பசை போட்டுத்தான் ஒட்டுவார்கள். அந்த டயரைக் காலையில் ஒட்டியவன் நான். மெக்கானிக் கேப்டனின் சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவரைத் தொந்தரவு செய்வானேன் என்று நானே பசை தடவினேன். ஓர் இரவு முழுக்கக் காய வேண்டிய பசை. பிரேக் சூட்டில் இளகினால் டயர் கழன்று ஓடிவிடும். நான் மெதுவாக இறங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். துல்லியோவுக்கு மெதுவாக இறங்கத் தெரியாது.

கார் வந்து வேறு சக்கரம் தந்தது. அதில் இருந்த மேலாளரிடம் சொல்ல வாயெடுத்தேன். வேலை போய்விடுமே என்று பயந்து மூடிக்கொண்டேன். நானே விரட்டிப் பிடித்து நிறுத்திவிடலாம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு இறங்கினேன். முப்பத்துமூன்று வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஜனங்கள் பள்ளத்தை எட்டிப்பார்க்கிறார்களா என்றுதான் பார்த்தேன். ஓரிடத்தில் எட்டிப்பார்த்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. யாருடைய தொப்பியோ பறந்து விழுந்திருந்தது.

கீழே, அன்றைய பந்தயம் முடிந்த இடத்தில், துல்லியோ முழுசாக உட்கார்ந்திருந்தார். சட்டையும் அவரிடமே இருந்தது. என் சக்கரத்தை மடியில் வைத்து இரண்டு விரலால் இழுத்தார். டயர் வாழைப்பழத் தோலாக உரிந்து வந்தது.

“பாத்தியாடா எல்வீரோ, மெக்கானிக் பண்ண வேலைய? மூணாவது வளைவுலயே ஆட ஆரம்பிச்சிடுச்சு. பின் பிரேக்க மட்டும் புடிச்சு எறங்கினேன். நல்லவேளை, எங்கிட்ட குடுத்தே. நீ இதுல இறங்கியிருந்தா உன் பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

மெக்கானிக்கை இன்றே ஊருக்கு அனுப்பச் சொல்லிவிட்டாராம்.

உரிந்த டயரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: “அவர் இல்லண்ணே. நான் ஒட்டினது. மேலயே ஞாபகம் வந்துடுச்சு. கார்ல சொல்லியிருக்கலாம். சொல்லல.”

அவர் என்னையே பார்த்தார். அடிப்பார் என்று நின்றேன். அடித்திருக்கலாம்.

“நாளைக்கு என் சக்கரம் போனா நீ நிக்காதே,” என்றார். “போயிட்டே இரு.”