சைகோன் நதியின் சராசரி

சைகோன் நகரத்தின் பணக்காரப் பகுதியான தாவோ தியெனில் உள்ள எங்கள் பள்ளி மாணவர்கள் ஆற்றை ஆராயலாம், ஆனால் தொடக் கூடாது. பெற்றோர் சங்கம் அப்படித் தீர்மானம் போட்டிருக்கிறது. நான் நாகப்பன், அங்கே உயிரியல் வாத்தியார். கை நனையாமல் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

சைகோன் ஆற்று நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்க வேண்டும், அடுத்த வாரம் டாலாட் மலை ஓடையில் அளந்து ஒப்பிட வேண்டும். ரப்பர் பூட்ஸும் கையுறையுமாக ஐந்து குழுக்கள் கார்களில் வந்தன. நான்கு குழுக்கள் நேரே கரையோரக் காபிக் கடைக்குள் போய், அங்கிருந்த வண்ணமீன் தொட்டியில் பாட்டிலை முக்கி எடுத்தன. மோட்டார் ஓயாமல் காற்றைக் குமிழியிடும் தொட்டி அது. லிட்டருக்கு ஏழு மில்லிகிராம் வந்தது. நான் பார்த்தேன். பார்க்காதது போல் இருப்பதில் எனக்குப் பதினாறு வருட அனுபவம்.

ஐந்தாவது குழுவில் அந்துவானேத் இருந்தாள். காரைக்காலிலிருந்து வந்து டான் சோன் நாட் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை பார்ப்பவரின் மகள், கட்டணச் சலுகையில் படிக்கிறாள். குழுவின் மற்றவர்கள் காரைவிட்டு இறங்கவில்லை. இவள் முழங்கால் சேற்றில் இறங்கி மூன்று முறை அளந்தாள். மூன்று முறையும் ஒன்று புள்ளி எட்டு, மீன் மூச்சுத் திணறும் அளவு.

முதல்வர் ரேமோன் அந்த எண்ணைப் பார்த்து முகம் சுளித்தார். பள்ளி விளம்பரத்தில் ஆறு நீல நிறமாக ஓடுகிறது. கூட்டத்தோடு ஒட்டாத எண்ணைத் தள்ளிவிடுவதுதான் அறிவியல் என்று எனக்கே பாடம் நடத்தினார். திருத்தி எழுதாதவர்களுக்கு மலைப் பயணம் கிடையாது என்றார். போகிறபோக்கில் என் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்றும் அன்பாக விசாரித்தார்.

அந்தப் பெண் பிறந்ததிலிருந்து மலையைக் கண்ணால் கண்டதில்லை. காரைக்காலிலும் மலை கிடையாது, சைகோனிலும் கிடையாது. ஒரு மாதமாகப் பயணத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏழுன்னு போட்டுரும்மா," என்றேன். "நாலு குழுவும் தப்பாவா அளந்திருக்கும்?"

சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. இருந்தும் சொல்லி முடித்தேன். அவள் பழைய எண்ணை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினாள். நான் கீழே கையெழுத்துப் போட்டேன். ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள்.

டாலாட்டில் ஓடைத் தண்ணீர் பளிங்காக ஓடியது. விளம்பரத்துக்கு உகந்த தண்ணீர் என்பதால் தொடுவதற்கும் அனுமதி இருந்தது. மற்ற பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டிருக்க, அந்துவானேத் பாறையில் குந்தி அளவுக்கருவியை நீரில் இறக்கினாள். எட்டு புள்ளி ஒன்று. கலப்படமில்லாத எண். எனக்கு மனசு லேசானது, இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. எழுதிக்கொள்ளும்மா என்றேன்.

அவள் கருவியை அணைத்துவிட்டு, நோட்டையும் பேனாவையும் என்னிடம் நீட்டினாள். கோபமோ கிண்டலோ அந்த முகத்தில் இல்லை. பாடத்தை ஒழுங்காகப் படித்த பிள்ளையின் முகம்.

"இங்க எவ்வளவு வரணும் சார்?"