பப்லு இன்னும் கைக்கு வரவில்லை

டேனியல் அயர்லாந்துக்குப் படிக்கப் போனபோது ஒரு பச்சோந்திக் குட்டியை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனான். வாங்கி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. விசா இவ்வளவு சீக்கிரம் வருமென்று அவனே நினைக்கவில்லை. ஏமன் நாட்டு இனம், புனேயிலேயே ஒருவர் வீட்டில் குஞ்சு பொரித்தது. நடுவிரல் நீளம்தான் இருக்கும். பெயர் பப்லு.

அவன் அம்மா ஆரோக்கியமேரிக்குப் பல்லியைக் கண்டாலே ஆகாது. புனே கேம்ப் பகுதியில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு அந்த ஏப்ரலில்தான் ரிட்டயர் ஆகியிருந்தாள். கணவர் ஜான் இறந்து ஆறு வருஷம். இப்போது வீட்டில் அவளும், ஜன்னலோரம் வலைக்கூண்டில் மணிபிளான்ட் இலைகளுக்குள் ஒட்டிக்கொண்டிருந்த பப்லுவும் மட்டும்தான்.

கடையிலிருந்து டப்பாவில் வரும் சின்னச் சிள்வண்டுகள்தான் அதற்குச் சாப்பாடு. ஒரு கப்பில் போட்டுக் கிளையில் மாட்டிவிட்டு அவள் அறையைவிட்டு வெளியே போனால்தான் அது வாயைத் திறக்கும். கை உள்ளே போனால் உடம்பு கறுத்து, தொண்டை உப்பி, சீறும். முதல் நாள் அவள் பயந்து கையை இழுத்ததில் ஒரு சிள்வண்டு தப்பி, பீரோவுக்குப் பின்னால் போய் இரண்டு நாள் கத்திக்கொண்டிருந்தது.

டேனியல் தினமும் பகல் பன்னிரண்டரைக்கு வீடியோவில் கூப்பிட்டான். அங்கே அப்போது காலை எட்டு மணி.

"மம்மி, மேலேர்ந்து கைய கொண்டு போகாதே. மேலேர்ந்து வர்றதெல்லாம் அதுக்குப் பருந்து. கீழேர்ந்து மெதுவா போ."

"நான் பருந்தாடா?"

"பப்லுவுக்கு நீ பருந்துதான். அதோட கண்ண நேரா பாக்கவும் கூடாது. எங்கேயோ பாக்கற மாதிரி நில்லு."

"கையிலதான் சாப்பிடணும்னு என்ன அவசரம்? கப்புலயே சாப்பிடட்டுமே."

"நாளைக்கு அதுக்கு உடம்பு சரியில்லன்னா மருந்து குடுக்கணும், டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகணும். கைக்குப் பழகலன்னா எப்படி?"

பப்லுவைப் பற்றிப் பேசி முடித்தபின் அவன் மற்றதையும் பேசினான். சோறு அடிப்பிடித்தது, கூட இருக்கும் பையன் குறட்டை விடுவது, மழை விடவே மாட்டேனென்பது. இங்கே இருந்தபோது அவன் இவ்வளவு பேசியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் இருப்பான். சாப்பாட்டுத் தட்டும் உள்ளேயே போகும்.

அவன் சொன்னபடியே அவள் செய்தாள். கப்பை மாட்டாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு காலண்டரைப் பார்த்தபடி நின்றாள். கை வலிக்கும், மாற்றிப் பிடிப்பாள். மூன்றாம் வாரம் அவள் பிடித்திருந்த கப்பிலிருந்து பப்லு பூச்சியை எடுத்தது. பிறகு நீளமான இடுக்கியிலிருந்து எடுத்தது. அதைச் சொன்னபோது டேனியலுக்கு ரொம்ப சந்தோஷம்.

"பக்கா மம்மி. இனிமே கைதான். அதுவும் வந்துட்டா நான் இப்படி டெய்லி தொந்தரவு பண்ண மாட்டேன்."

இருபத்தாறாம் நாள் காலை, கூண்டுக்கு மேலிருந்த விளக்கின் சூட்டில் பப்லு நன்றாகக் காய்ந்தபிறகு, உள்ளங்கையில் ஒரு சிள்வண்டை வைத்து இலைக்குக் கீழே நீட்டினாள். ஒரு கண் அவளைப் பார்த்தது. இன்னொரு கண் பூச்சியைப் பார்த்தது. பிறகு இரண்டு கண்ணும் பூச்சிமேல் குவிந்தன. நாக்கு வந்ததை அவள் பார்க்கவில்லை. ஈரமாக ஏதோ தட்டியது, பூச்சி இல்லை. பப்லு பச்சை நிறத்திலேயே மென்றுகொண்டிருந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. சொல்லவேண்டுமென்று போனை எடுத்தாள். யோசித்துவிட்டு வைத்துவிட்டாள்.

பன்னிரண்டரைக்கு அவன் கூப்பிட்டபோது, "இல்லடா, இன்னும் கைக்கு வரல," என்றாள்.

மறுநாளும் அதையே சொன்னாள். அதற்கு மறுநாள், "கறுத்துப் போச்சுடா," என்று ஒன்றைச் சேர்த்துச் சொன்னாள். நாலைந்து நாளில், பப்லு சரியாகவே சாப்பிடவில்லை என்றுகூட வந்துவிட்டது. டேனியல் எங்கெங்கோ படித்துப் புதுப்புது வழி சொன்னான். அவள் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டாள். காலையில் அவள் கையில் பத்துப் பூச்சி தின்ற பப்லு, அவளுக்குப் பின்னால் கூண்டில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும்.

அவள் பொய் சொல்ல ஆரம்பித்த பன்னிரண்டாம் நாள் அவன் வேறு மாதிரிச் சொன்னான். "மம்மி, எனக்கு பயமா இருக்கு. குட்டி, பட்டினி தாங்காது. தருண்கிட்ட பேசிட்டேன், நாளைக்கு வந்து எடுத்துப்பான். அவன் வீட்ல ரெண்டு இருக்கு, அவனுக்குத் தெரியும். உனக்கும் கஷ்டம் விட்டுது."

"சரிடா," என்றுதான் சொல்ல முடிந்தது.

டேனியலோடு படித்த தருண் மறுநாள் காலை ஹடப்சரிலிருந்து பைக்கில் வந்தான். ஓட்டை போட்ட டப்பா கொண்டுவந்திருந்தான். கூண்டுக்குள் கைவிட்டதும் பப்லு கறுத்து, சீறி, கூண்டின் மூலைக்கு ஏறியது. அவன் மறுபடி கையை நீட்டினான். பப்லுவின் கால் வலையில் சிக்கி இழுபட்டது.

"விடுப்பா, கால் போயிடும்," என்று இந்தியில் சொல்லிவிட்டு ஆரோக்கியமேரி குறுக்கே வந்தாள். கையைக் கீழிருந்து கொண்டுபோய் நீட்டி, காலண்டரைப் பார்த்தபடி நின்றாள். கொஞ்ச நேரத்தில் பப்லு ஒவ்வொரு காலாக எடுத்து அவள் விரலில் ஏறியது. பழக்கத்தில் இன்னொரு கை பூச்சி டப்பாவிலிருந்து ஒரு பூச்சியை எடுத்து நீட்டிவிட்டது. பப்லு அதைத் தின்றது.

"ஆன்ட்டி, இது எத்தனை நாளா?"

"பதிமூணு நாளா."

தருண் தன் டப்பாவை மூடினான். அவள் போட்ட டீயைக் குடித்துவிட்டு, "டேனியல்கிட்ட என்ன சொல்லட்டும்?" என்றான்.

"நானே சொல்லிக்கறேன்," என்றாள்.

காலி டப்பாவோடு அவன் போனான். பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. அவள் மறைக்காமல் சொன்னாள்.

"எதுக்கு மம்மி பொய் சொன்னே? நான் எவ்ளோ டென்ஷன் ஆனேன் தெரியுமா?"

"அது கையில சாப்பிட ஆரம்பிச்சா நீ கூப்பிட மாட்டேன்னு சொன்னேடா."

அவன் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

"நான் டெய்லி பண்றேன் மம்மி."

"வேண்டாம். உன்னால முடியாது. புதனும் ஞாயிறும் பண்ணு, போதும். ஆனா அது தவறக் கூடாது."

"ப்ராமிஸ்," என்றான்.

இரண்டு மாதம் தவறாமல் கூப்பிட்டான். பிறகு ஒரு கடையில் அவனுக்கு வேலை கிடைத்தது. புதன்கிழமை காலை ஷிப்ட். முடிகிறபோது பண்ணுகிறேன் என்றான். பரவாயில்லை என்றாள். பப்லு இதற்குள் ஒரு சாண் நீளம் வளர்ந்து, கூண்டைத் திறந்தாலே கையைத் தேடி இறங்கி வர ஆரம்பித்திருந்தது. புதன்கிழமைகளில் ஆரோக்கியமேரி ஒன்றரை மணிவரை சாப்பாட்டைத் தள்ளிப்போடுவாள். அதற்குமேல் தட்டில் போட்டுக்கொண்டு உட்காருவாள்.