செங்காவியில் விழுந்த குழிகள்

இந்த முறையும் குழி விழுந்துவிட்டது. பெயிண்டுக்கு முன்னால் அடிக்கும் செங்காவி நிற பிரைமர், அடித்த கையோடு சீராகத்தான் படிந்தது. கலைவாணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அங்கங்கே விலகி, அம்மைத் தழும்பு மாதிரி வட்டவட்டமாகத் திறந்துகொண்டது. ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் வெறும் இரும்பு எட்டிப்பார்த்தது.

அவள் வேலை தெரியாதவள் இல்லை. ஆலங்காயத்தில் அண்ணன் சக்கரவர்த்தி நடத்தும் வண்டிப் பட்டறையில் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஸ்ப்ரே டப்பா பிடித்த கை அவளுடையது. கல்யாணமாகிக் காவலூருக்குப் பக்கத்திலுள்ள இந்த மலையூருக்கு வந்தபோது, ஆட்டுக்கொட்டகையில் கோணிச்சாக்குக்கு அடியில் மாமனார் சடையனின் பழைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் நிற்பதைப் பார்த்தாள். அன்றே அதை ஓட வைப்பது என்று முடிவு செய்துவிட்டாள்.

அதற்குக் காரணமும் இருந்தது. சடையனின் தங்கை கெங்கம்மாள் நெல்லிவாசல்நாட்டில் ஒரு குக்கிராமத்தில் இருந்தாள். முன்பெல்லாம் அவர் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வருவார். இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை. ஒருமுறை ஷேர் ஜீப்பில் ஏறிப் போனவர், குழிக்குக் குழி முதுகில் இடி வாங்கி, பாதி வழியில் ஒரு வளைவில் இறங்கித் திரும்பிவிட்டார். வருகிற திங்கட்கிழமை கெங்கம்மாளின் பேரனுக்குக் காதுகுத்து. அண்ணன் வராமல் குழந்தைக்குக் காது குத்த விடமாட்டேன் என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

சடையன் மருமகளோடு நேராகப் பேசுகிறவர் அல்ல. வெறுப்பெல்லாம் இல்லை. அந்த வீட்டில் அப்படிப் பழகியிருந்தார்கள். மாமியார் உயிரோடு இருந்திருந்தால் பேச்சு அவர் வழியாகப் போய்வந்திருக்கும். அவர் இல்லாததால் அந்தப் பொறுப்பு வெள்ளச்சி என்ற ஆட்டின் தலையில் விழுந்திருந்தது. பசித்தால் வெள்ளச்சியிடம் களி ஆகிவிட்டதா என்று கேட்பார். கலைவாணியும் வெள்ளச்சியிடமே பதில் சொல்லுவாள். முதுகு அலுங்காமல் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் இறக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்ததும் அந்த ஆட்டிடம்தான்.

அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியவை பின்பக்க ஷாக் அப்சார்பர்கள் இரண்டும். அவை செய்யும் வேலை எளியது, ஆனால் அழகானது. சக்கரம் குழியில் இறங்கி ஏறும்போது வெளியே இருக்கும் ஸ்பிரிங் அழுந்தி இடியை வாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி ஆட்டுக்குட்டிபோலக் குதித்துக்கொண்டே போகும். அதனால் நடுவே ஒரு குழாய், அதற்குள் எண்ணெய். ஸ்பிரிங் அசையும்போதெல்லாம் அந்த எண்ணெய் சின்னத் துளை வழியாகப் பிதுங்கித்தான் போக வேண்டும். வாய் குறுகிய செம்பைக் கவிழ்த்தால் தண்ணீர் நிதானமாகத்தானே வரும்? அந்த நிதானம்தான் குதிப்பை அடக்குகிறது. சக்கரவர்த்தி உள்ளே எண்ணெய் ஒழுகாமல் காக்கும் ரப்பர் சீல் மாற்றிப் புது எண்ணெய் நிரப்பிக் கொடுத்துவிட்டான். அந்தக் குழாய்களின் வெளிப்பக்கத்துக்குப் பெயிண்டு அடித்து ஸ்பிரிங்கை மாட்டுவதுதான் பாக்கி.

வாணியம்பாடியில் லோடு வண்டி ஓட்டும் அவள் கணவன் வெற்றிவேல், குழியை யார் பார்க்கப்போகிறார்கள், அப்படியே மாட்டு என்று போனில் சொன்னான். ஒவ்வொரு குழியும் பனித்தண்ணீருக்கு ஒரு வாசல். துரு குழாயைத் தின்றுவிட்டால் எண்ணெய் ஒழுகிவிடும், பிறகு உன் அப்பாவை ஆட்டுக்குட்டி மேல்தான் ஏற்றி அனுப்ப வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

குளிர்காற்றுதான் காரணமோ என்று முதலில் நினைத்தாள். பிறகு டப்பா மேல் சந்தேகம் வந்தது. புது டப்பாவிலும் குழிதான். கடைசியில் ஒரு பிஸ்கட் டப்பா மூடியைத் தேய்த்து, அதே இடத்தில், அதே பிரைமரை அடித்துப் பார்த்தாள். மூடியில் ஒரு குழிகூட இல்லை. ஆக, காற்றிலும் கோளாறு இல்லை, பிரைமரிலும் இல்லை. இந்தக் குழாய்களில்தான் ஏதோ இருக்கிறது. ஆனால் நேற்று சாயங்காலம்வரை அவளே உட்கார்ந்து பளபளவென்று தேய்த்த குழாய்கள் அவை.

மறுபடி பிரைமரைச் சுரண்டி எடுத்தாள். பொழுது சாய்ந்துவிட்டதால் வழக்கம்போல வெறும் குழாய்களைக் கொட்டகைப் பலகைமேல் வைத்துவிட்டுப் போனாள். காலையில் ஈரம் போகட்டும் என்று அவற்றைப் பாறைமேல் வெயிலில் வைத்தாள். சூடு ஏறிவிட்டதா என்று குனிந்து தொட்டபோது மூக்கில் ஏறியது ஒரு கசப்பு வாடை. புங்க எண்ணெய்.

அவள் நிமிர்ந்து கூரையடியைப் பார்த்தாள். செருகியிருந்த அரிவாள், கொடுவாள், களைக்கொட்டு எல்லாம் அதே மினுமினுப்பில் இருந்தன. அந்த வீட்டில் எந்த இரும்பும் எண்ணெய் காணாமல் ஒரு ராத்திரியைக் கழித்ததில்லை.

சடையன் கொட்டகை வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். கலைவாணி போய் வெள்ளச்சியின் முன்னால் உட்கார்ந்தாள்.

"வெள்ளச்சி, சாயங்காலம் ஆனா யாரோ என் குழாய்க்கு எண்ணெ தடவுறாங்க. யாருன்னு உனக்குத் தெரியுமா?"

ஆடு தழையைத் தின்றது. சடையனின் கை நின்றது. அவர் ஆட்டைப் பார்க்காமல், முதன்முறையாக அவளைப் பார்த்தார்.

"பச்ச இரும்பும்மா. அப்டியே வுட்டுட்டுப் போற. பனியில துரு புடிச்சிக்கும்னு நான்தான் தொட்டு வச்சேன். நீ பாடுபட்டுத் தேச்சது வீணாப் போவுமே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அதான் மாமா புடிக்கமாட்டேங்குது. தலைக்கு எண்ணெ வச்சிக்கிட்டுத் தண்ணி ஊத்துனா நிக்குமா? உருண்டு ஓடிடும்ல? பிரைமரும் அப்டித்தான்."

"நீ மேல தேய்க்கிறியே, அதுல போவாதா?"

போகாது என்று விளக்கினாள். எண்ணெயோடு உப்புத்தாள் போட்டால் அது எண்ணெயை இரும்பில் துரு அரித்த நுண்குழிகளுக்குள்ளே இன்னும் அழுத்தித்தான் விடும். முதலில் எண்ணெயை எடுக்க வேண்டும், அப்புறம்தான் தேய்க்க வேண்டும்.

அவர் இவ்வளவையும் கேட்டுவிட்டு யோசித்தார். எண்ணெய் தடவாவிட்டால் துரு, தடவினால் குழி. தேய்ப்பதற்கே அவளுக்கு ஒரு பகல் முழுக்கப் போகிறது, ராத்திரி வராமல் இருக்குமா?

"நீ ஒண்ணு தேய்யி. நான் ஒண்ணு தேய்க்கிறேன். ராத்திரி வெறும் இரும்பா வக்கிற வேலயே இல்ல."

அன்று மாமனாரும் மருமகளும் எதிரெதிராக உட்கார்ந்து தேய்த்தார்கள். உச்சிப்பொழுது தாண்டியதும் இரும்பு வெளுத்துவிட்டது. பெயிண்டைக் கரைக்கும் தின்னரால் கடைசியாகத் துடைத்த பிறகு அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார், விரல்பட்டாலும் எண்ணெய் என்று அவள் சொல்லியிருந்ததால். பிரைமர் விழுந்தது, படிந்தது, அப்படியே நின்றது. அவர் வெகுநேரம் குழி விழுமா என்று பார்த்துக்கொண்டே நின்றார். விழவில்லை. அடுத்தடுத்த நாட்களில் கறுப்புப் பெயிண்டு ஏறியது, காய்ந்தது, ஸ்பிரிங்கும் மாட்டியாயிற்று.

திங்கட்கிழமை காலையில் புறப்பட்டார்கள். ஜீப்பிலிருந்து அவர் இறங்கிக்கொண்ட அதே வளைவில் பின்சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்தது. ஸ்பிரிங் அழுந்தியது, எண்ணெய் தடுத்தது, வண்டி ஒருமுறை தாழ்ந்து எழுந்தது, அவ்வளவுதான். பின்னால் இருந்தவரிடமிருந்து சத்தமே இல்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கெங்கம்மாளுக்குக் கண் மங்கியிருந்தது. அண்ணனின் முகத்தைத் தடவிவிட்டு, அவர் வந்த வண்டியையும் தடவினாள். கறுப்புக் குழாயில் அவள் விரல் எங்கும் தடுக்கவில்லை.

"இன்னாண்ணா, புதுசு வாங்கிட்டியா?"

"பழசுதான். என் மருமவ பண்ணது." குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு சடையன் நிதானமாக விளக்கினார். "மொதல்ல சோப்புத் தண்ணியில கழுவணும். தின்னர் தொட்டுத் தொடைக்கணும். அப்புறம் உப்புத்தாளு போட்டுத் தேய்க்கணும். மறுபடியும் தின்னர் தொட்டுப் புதுத் துணியில தொடைக்கணும். அதுக்கப்புறம் கை படக் கூடாது. ரெண்டு பேரா ஒக்காந்து, அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள பிரைமர் அடிச்சிடணும்."