நாற்பது அடி தாழ்வாரம்

மத்தியஸ்தர் அம்மாவுக்கு முழங்கால் வலி ஏழு மாதமாக. அவர் தீர்க்க வந்த சண்டையோ பதினொரு வருடமாக. எது முதலில் தீரும் என்று கேட்டால் அவரே சிரித்துவிடுவார்.

சண்டை போட்ட இரண்டு அண்டை நாட்டுக்காரர்களும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டோம் என்று அடம்பிடித்தார்கள். அதனால் தாழ்வாரத்தின் இந்த முனை அறையில் கிழக்கு நாட்டு அமைச்சர், அந்த முனையில் மேற்கு நாட்டுத் தளபதி. நடுவே நாற்பது அடி. இங்கே கேட்டதை அங்கே போய்ச் சொல்வதுதான் அம்மாவின் வேலை. வசவை வடிகட்டி, அழுகையை ஓரங்கட்டி, காரியத்துக்கு ஆகிற பேச்சை மட்டும் கொண்டுபோவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அன்று மாலை ஆறு மணியோடு போர்நிறுத்தக் கெடு முடிகிறது. ஆற்றுத் தண்ணீர், எல்லைக்கோடு, சுங்கம் எல்லாம் படிந்தாயிற்று. ஆனாலும் இருவரும் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தார்கள். என்னதான் குறை என்று அம்மாவுக்குப் பிடிபடவே இல்லை.

ஐந்து மணிக்கு, பாதித் தாழ்வாரத்தில் அம்மா முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டு இரண்டு கதவும் திறந்தன.

"அடி பட்டுடுச்சாம்மா?" என்று தளபதி ஓடிவந்தார். அமைச்சரும் வந்தார். ஆளுக்கொரு கை பிடித்து நாற்காலியில் உட்கார வைத்த பிறகுதான் எதிரில் நிற்பது யார் என்று இருவருக்கும் உறைத்தது.

அமைச்சருக்கு அடக்க முடியவில்லை. "என் தம்பி பாலத்துக்கிட்ட செத்தான். உடம்பு எங்கன்னு ஏழு மாசமா கேக்கறேன். ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு மனசு வரலையே."

தளபதி திகைத்துப்போனார். "நீங்க கேட்டதா யாரும் எங்கிட்ட சொல்லலையே. பாலத்துக்கிட்ட விழுந்தவங்களை நாங்கதான் அடக்கம் பண்ணினோம். பேர் எழுதின நோட்டைக் கையோட கொண்டுவந்திருக்கேன். எங்க பசங்க முந்நூறு பேரும் உங்க மண்ணுல கிடக்கறாங்க. நானும்தான் வாரா வாரம் கேட்டேன்."

இருவரும் நாற்காலியைப் பார்த்தார்கள்.

"நான்தான் சொல்லலை," என்றார் அம்மா. "கிளறினா காரியம் கெட்டுடும்னு நடுவுலேயே விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

தளபதி நோட்டை எடுத்துவந்து கொடுத்தார். அமைச்சர் நின்றபடியே ஒவ்வொரு வரியாக விரல் ஓட்டினார். பதினேழாம் பக்கத்தில் விரல் நின்றது. வெகுநேரம் அங்கேயே இருந்தது.

ஆறாகப் பத்து நிமிடம் இருக்கையில் அமைச்சர் ஒப்பந்தத்தை அம்மாவின் மடியில் வைத்துப் பேனாவையும் கொடுத்தார்.

"எல்லாத்துக்கும் மேல செத்தவங்க விஷயத்தை எழுதுங்கம்மா. ரெண்டு நாட்டுக்காரங்களும் வரணும். இந்தத் தடவை ஒண்ணையும் விட்டுடாதீங்க."

அவர் விடவில்லை.